ரேடியோக்காரி சொன்னது வேறு

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். உன் 'நலம்' மீது எனக்குப் போன வாரத்திலிருந்து பெரிய சந்தேகம் வந்திருக்கிறது. போனில் கேட்டுவிடலாம் என்று மூன்று நாள் முயற்சி செய்தேன். நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ ஒன்பது வார்த்தையில் முடித்துவிடுகிறாய். நானும் 'சரி சரி' என்று வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. லிஃப்ட் சர்வீஸ் கார்டில் 'ஓகே' என்று எழுதுவதைத் தவிர இந்தக் கைக்கு வேறு பழக்கம் கிடையாது.

வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் உனக்கு முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே நின்றது. உன் செடிகளில் இரண்டு நன்றாக இருக்கின்றன. மூன்றாவதைப் பற்றிப் பிறகு பேசலாம். வேலையில், ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுகொண்டு மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. குழந்தை பார்க்கப் போனவர்கள் எல்லாரும் கையில் பழத்தோடு பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அதைச் சரிசெய்து முடித்துக் கை துடைக்கும்போதுதான் ஆயில் அண்ணன் அந்தச் செய்தியைச் சொன்னார். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், பின் பாக்கெட்டில் கிரீஸ் டப்பாவோடு நம் சோபாவில் உட்கார்ந்தவர். 'சாம்பல் வருஷம்' ஆட்டத்தைப் புதுசாக மெருகேற்றி வெளியிட்டிருக்கிறார்களாம். இந்தத் தடவை தமிழிலும் வருகிறதாம்.

எனக்கு நின்ற இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில், அந்த மாடி ஒற்றை அறையில், உன் தம்பி போட்டுவிட்டுப் போன கேம் பெட்டியில் நாம் இரண்டு பேரும் சாயங்காலம் தவறாமல் ஆடிய ஆட்டம். உலகமே எரிந்து சாம்பலாகிவிடும். இடிந்த ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஒளிந்துகொண்டு, டின் சாப்பாடு தேடித் தின்று, கொள்ளைக்காரர்களுக்கு டிமிக்கி கொடுத்து, அறுபது நாள் உயிரோடு இருக்க வேண்டும். பட்டனை நான் அழுத்துவேன். திரையில் வரும் இங்கிலீஷை நீ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வாய். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ்தான். ஒரு வருஷம் ஆடினோம். பதினோராவது நாளை ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

சரி, இந்தத் தடவை தமிழில் ஆடி அறுபது நாளையும் முடித்து, உனக்குப் போட்டோ அனுப்பலாம் என்று வாங்கிப் போட்டேன். சாம்பல் ரொம்ப அழகாக இருக்கிறது. ஒவ்வொரு தூசியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் அந்த லிஃப்ட் இருக்கிறதே, கயிறு அறுந்ததும் தொபுக்கென்று கீழே விழுமே, அதை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கயிறு அறுந்தால் லிஃப்ட் விழாது. வேகம் கூடியதும் பிரேக் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துவிடும். பத்தொன்பது வருஷம் கழித்துச் சாம்பலுக்கு மெருகு போட்டவர்கள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இரண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை.

தமிழைப் பற்றிக் கேள். சாமான் பட்டியலை ஏதோ மிஷினிடம் விட்டிருக்கிறார்கள். பையைத் திறந்தால் 'முடியும் - 3' என்று போட்டிருந்தது. மூன்று தடவைதான் முடியும் போலிருக்கிறது என்று பயந்து பயந்து ஆடினேன். அப்புறம்தான் தெரிந்தது, அது மூன்று டின். டின்னுக்கு இங்கிலீஷில் கேன் என்றும் சொல்வார்கள் இல்லையா, அந்தக் கேனை 'முடியும்' ஆக்கிவிட்டார்கள். ரம்பத்தை 'பார்த்தேன்' என்று போட்டிருக்கிறார்கள். ஆணியெல்லாம் நகம். கதவை அடைக்கப் போனால், 'உங்களுக்கு ஒரு பார்த்தேனும் நாற்பது நகங்களும் தேவை' என்கிறது. நாற்பது நகம் என்றால் நானும் நீயும் சேர்ந்தால்தான் கணக்கு வரும்.

இதைவிடக் கொடுமை, ஒரு பட்டனுக்குப் பெயர் 'தீ'. ஆட்டத்தில் பனி கொட்டுகிறது, என் ஆள் வெடவெடவென்று நடுங்குகிறான். கம்பளி கொடுக்க ஒரு வியாபாரி வாசலில் வந்து நிற்கிறார். வந்தவர் குளிர் காயட்டும், அடுப்பு மூட்டலாம் என்று 'தீ'யை அழுத்தினேன். அது துப்பாக்கி. கம்பளியும் போச்சு, வியாபாரியும் போச்சு. ஆயில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, 'விருந்தாளியை வரவேற்கிற லட்சணமா இது' என்று அரை மணி நேரம் சிரித்தார்.

ஆனால் ஆட்டத்தில் வரும் ஆட்களின் பேச்சை மட்டும் தமிழ் தெரிந்த யாரோ ஒரு மனுஷர் எழுதியிருக்கிறார். நல்ல தமிழ், எல்லாம் புரிகிறது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

நாள் முடியும்போது ரேடியோவில் ஒருத்தி பேசுவாளே, அவள் என்ன சொல்வாள் என்று நீ சொல்வாய்? 'இன்னிக்கு இது போதும், போய்த் தூங்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்றா.' நானும் நல்ல பிள்ளையாக ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவேன். இப்போது தமிழில் அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? 'உன் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. உடனே அங்கிருந்து கிளம்பு.' தினமும் அதைத்தான் கத்தியிருக்கிறாள். மறுநாள் வந்து பார்த்தால் டின்னெல்லாம் காணாமல் போயிருக்கும். கேட்டால் எலி தூக்கிக்கொண்டு போய்விட்டதாகப் போட்டிருக்கிறது என்பாய். டின்னை எலி எப்படித் தூக்கும் என்று ஒரு வருஷம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்படி ஒருத்தன் காதில் பூ சுற்ற உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்று. 'இங்க பத்து நிமிஷம் காத்திருக்கணும்னு போட்டிருக்கு, அதுக்குள்ள கீழ போய் ரெண்டு வாளி தண்ணி பிடிச்சிட்டு வந்துடுங்க' என்பாயே, அப்படி அந்த ஆட்டத்தில் எங்கேயும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

இதெல்லாம் சிரிப்பு. தாடிக்காரர் விஷயம் சிரிப்பில்லை. ஒன்பதாவது நாள் வரைக்கும் நம்மோடு கூடவே வந்து, டின்னில் பாதியை நமக்குத் தள்ளிவிடுவாரே, அந்தக் கிழவர். ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து ஏதோ சொல்வார், அதோடு காணாமல் போய்விடுவார். மகள் வீட்டுக்குப் போகிறாராம் என்று நீ சொன்னாய். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. போன சனிக்கிழமை அவர் அதே படிக்கட்டில் உட்கார்ந்து, 'எனக்குக் காய்ச்சல் பரவிவிட்டது. என்னை இங்கே விட்டுவிட்டு நீ கதவைப் பூட்டிக்கொள்' என்றார். அவருக்கு மகளே இல்லை. நான் ஆட்டத்தை அணைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அவர் மகள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்துதான் எனக்கு யோசனை ஓடுகிறது. நீ எனக்குப் படித்துச் சொன்னதெல்லாம் இந்த ஆட்டம் மட்டுமா? வீட்டுக்காரர் நோட்டீஸ், டாக்டர் சீட்டு, என் கம்பெனிக் கடிதம் எல்லாமே உன் வாயால்தான் எனக்குத் தெரியும். போன மாதம் உன் லென்ஸ் கம்பெனிக் காகிதம் ஒன்றைப் போனில் காட்டி, 'இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கணும்னு கட்டாயப்படுத்தறாங்க, வேற வழியில்லை' என்று படித்தாய். அதில் நிஜமாகவே அப்படித்தான் போட்டிருக்கிறதா? நானும் அங்கே வந்துவிடலாம் என்று அந்தத் துணைவர் பர்மிட்டுக்குப் போட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள், அது நம் கையில் இல்லை. ஆனால் இது உன் கையில் இருக்கிறது. எனக்கு மாற்றிப் படிக்காமல், உள்ளது உள்ளபடி எழுது.

இப்படிக்கு,
பத்தொன்பது வருஷமாக உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த
உன் வீட்டுக்காரன்


புதன்கிழமை, பத்து நாள் கழித்து

அன்புள்ள லிஃப்ட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூன்றாவது செடிக்கு என்ன ஆயிற்று?

நீங்கள் உள்ளது உள்ளபடி கேட்டதால் சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் வந்த இங்கிலீஷில் பாதி எனக்கே தெரியாது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பா, 'பொண்ணு இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவா' என்று உங்கள் வீட்டில் அளந்துவிட்டார். கல்யாணமாகி இரண்டாவது வாரம், நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து 'என்ன சொல்றான்?' என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எலி அப்படி வந்ததுதான். டின் காணாமல் போனதற்கு எனக்கும் காரணம் தெரியாது, நான் என்ன செய்ய?

ரேடியோக்காரி சொன்னது மட்டும் பத்து நாளில் புரிந்துவிட்டது. ஆனால் மாற்றவில்லை. காலை ஆறு மணிக்கு நீங்கள் லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டும். அவள் சொல்வதைச் சொன்னால் நீங்கள் அந்தக் கொள்ளைக்காரர்களோடு விடிய விடியச் சண்டை போட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவீர்கள். எனக்கு டின் முக்கியமா, நீங்கள் முக்கியமா? தண்ணீர் வாளிக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள்.

தாடிக்காரர் பேசியது எனக்கு அன்றைக்கே முழுக்கப் புரிந்தது. உங்கள் அப்பா போய் அப்போது மூன்று மாதம். நீங்கள் ஆஸ்பத்திரியில் கடைசிவரை இருக்க முடியவில்லை என்று யாரோடும் பேசாமல் திரிந்த நேரம். அதைப் படித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவரை மகள் வீட்டுக்கு அனுப்பினது நான்தான். இன்னொரு தடவை வந்தாலும் அங்கேதான் அனுப்புவேன்.

டாக்டர் சீட்டு, நோட்டீஸ் எல்லாம் சரியாகத்தான் படித்தேன். உங்கள் கம்பெனிக் கடிதத்தில் ஒரே ஒரு வரியை விட்டேன். உங்களை 'பிடிவாதக்காரர்' என்று எழுதியிருந்தார்கள். அது உங்களுக்கே தெரிந்த விஷயம்.

இப்போது என் காகிதத்துக்கு வருகிறேன். அதில் கட்டாயம் என்ற வார்த்தையே கிடையாது. இருக்க விருப்பமா, திரும்ப விருப்பமா, ஒன்றில் டிக் போடுங்கள் என்றுதான் இருந்தது. இருக்க விருப்பம் என்று டிக் போட்டது நான். இங்கே பதினான்கு பேருக்கு லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். எனக்கென்று ஜன்னலோரம் ஒரு மேஜை. நான் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினால்தான் லென்ஸ் பெட்டிக்குள் போகும். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அப்படிச் சொன்னால் உங்களைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வீர்களோ என்று பயந்து, பழியைத் தூக்கிக் கம்பெனி தலையில் போட்டேன்.

ஆனால் அந்த டிக்கை எப்போது போட்டேன் என்று கேளுங்கள். உங்கள் பர்மிட்டை ஏன் மறுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள நான் அந்த ஆபீசுக்குப் போன் பண்ணி நான்கு மாதம் ஆகிறது. உங்கள் பெயரில் அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்று போனை எடுத்த அம்மா சொன்னார். நல்ல இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார், இந்தத் தடவை எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. உங்களுக்கு இங்கே வர இஷ்டமில்லை, அதை என்னிடம் சொல்லவும் இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அழுதேன். அதற்குப் பிறகு வந்த காகிதத்தில்தான் அந்த டிக்கைப் போட்டேன். போனில் நலம் என்றேன். நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறேன், காலியாகத் தெரியக் கூடாது என்று. என்னை மாற்றிப் படித்தவள் என்று திட்டுகிறீர்களே, போடாத விண்ணப்பத்துக்கு நீங்கள் எனக்குப் பதில் படித்துச் சொன்னீர்களே, அதற்கு என்ன பெயர்? கோபமாகத்தான் கேட்கிறேன். பதில் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழிக்குள் இறங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆயில் அண்ணனிடம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணாடி


வெள்ளிக்கிழமை, ஐந்து வாரம் கழித்து

அன்புள்ள கண்ணாடிக்கு,

மூன்றாவது செடி செத்துவிட்டது. தண்ணீர் ஊற்றாமல் இல்லை, ஊற்றி ஊற்றியே செத்தது. உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் பார்.

பதில் எழுத ஐந்து வாரம் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. பர்மிட் ஆபீசுக்கு நான் அப்போது போகாமல் இல்லை. மூன்று தடவை போனேன். ஆபீஸ் நாலாவது மாடி. முதல் தடவை லிஃப்ட் கதவு மூடும்போது கிறீச்சென்றது. குனிந்து பார்த்தால் கீழ்த்தடத்தில் யாருடைய சட்டைப் பொத்தானோ சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டேன், காவலாளி கை குலுக்கினார், வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை லிஃப்ட் தரைக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நம் கம்பெனி லிஃப்ட் கூட இல்லை அது. மூன்றாம் தடவை லிஃப்டில் எந்தக் குறையும் இல்லை. ஏதாவது வருமா என்று நாலு தடவை மேலேயும் கீழேயும் போய்ப் பார்த்தேன். வரவில்லை. அப்படியும் வீட்டுக்கு வந்து, முடியாது என்றுவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னேன்.

அங்கே பத்து நிமிஷம் தனியாக இங்கிலீஷில் பேச வேண்டும் என்று சொன்னார்கள். அதுதான் பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நீ இருக்கும் ஊரில் பதினான்கு பேர் உன் தலையாட்டலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று இப்போது எழுதியிருக்கிறாய். கடையிலும் தெருவிலும் 'என்ன சொல்றான்?' என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன் பின்னாலேயே வந்தால் உனக்கு வெட்கமாக இருக்காதா என்று அப்போதே நினைத்தேன். வர இஷ்டமில்லாமல் இல்லை. உன் வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியதை ஆயில் அண்ணனுக்கே இரண்டு தடவை படித்துக் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே விண்ணப்பத்தைப் போட்டேன். பத்து நாளில் வரச் சொன்னார்கள். இந்தத் தடவை படியேறிப் போனேன்.

ஒரு அதிகாரியம்மா இருந்தார். கீழ்வீட்டு டீச்சரிடம் மனப்பாடம் செய்த இருபது வாக்கியமும் அவரைப் பார்த்ததும் பறந்துவிட்டது. வீட்டில் நீயும் நானும் சேர்ந்து என்ன செய்வோம் என்று கேட்டார். நாம் சேர்ந்து என்ன செய்தோம்? எனக்கு ஆட்டம்தான் ஞாபகம் வந்தது. 'ஷீ ரீடிங். ஐ ஷூட்டிங். எவ்ரி ஈவினிங்' என்றேன். அவர் பேனா அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'ஒன்லி டிவி, நோ ரியல் பீப்பிள்' என்று சொல்லிப் பார்த்தேன். கட்டை விரலை ஆட்டி ஆட்டிக் காட்டியதும் புரிந்துகொண்டு சிரித்தார். அப்புறம் எதற்காக அங்கே போக வேண்டும் என்று கேட்டார். 'மை ஒய்ஃப்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா ஏதோ எழுதினார்.

நடுவில் ஆட்டத்தையும் கொஞ்சம் ஆடினேன். ரேடியோக்காரி கிளம்பு என்றதும் கிளம்பிவிடுவதால் முப்பத்திரண்டாவது நாள்வரை போய்விட்டேன். ஆனாலும் உண்மை பேசுகிற ரேடியோக்காரியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தாடிக்காரரைப் படிக்கட்டில் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டியபோது, மகள் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேருங்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று ஆபீசிலிருந்து பதில் வந்தது. முழுக்க இங்கிலீஷ். போனைக் காட்டினால் தமிழில் சொல்லுமாமே என்று காட்டினேன். அந்தச் சாமான் பட்டியல் எழுதிய மிஷினின் தம்பி போலிருக்கிறது. 'உங்கள் விண்ணப்பம் முடிந்துவிட்டது. தொண்ணூறு நாட்களுக்குள் நீங்கள் விடலாம்' என்கிறது. விடலாம் என்றால் எதை விடுவது? இங்கிருந்து கிளம்பலாம் என்கிறார்களா, ஆசையை விட்டுவிடு என்கிறார்களா? ஆயில் அண்ணன், 'முடிஞ்சுபோச்சுன்னு போட்டிருக்கே, விட்டுத் தொலை' என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவதை வைத்து என்ன செய்வது?

கீழ்வீட்டு டீச்சரிடம் கொடுத்தால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ படித்துவிட்டுப் போன் பண்ணு, நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன். வேலையை விட வேண்டும், வீட்டை விட வேண்டும், அவர்கள் எதை விடச் சொல்லியிருந்தாலும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். உன்னை விடச் சொல்லியிருந்தால் மட்டும், தயவுசெய்து, எனக்கு மாற்றிப் படி.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்